அப்பா போடாத கையெழுத்து

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இங்கும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதக் கை வரவில்லை. போனில் இதையெல்லாம் கோர்வையாகச் சொல்ல எனக்கு வராது, அதனால் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து இந்த மின்னஞ்சலை எழுதுகிறேன்.

அத்தை வந்திருக்கிறாள், சமையல் அவள் பொறுப்பு, உப்பு அவள் இஷ்டம். அப்பாவின் கால் விரல்களில் இருந்த கறுப்பு பாதம் வரை ஏறிவிட்டது. வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் மாமா சொல்லிவிட்டார். அவர் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை, இன்னொருவரும் பார்க்கட்டும் என்றுதான் வேறொரு ரத்தக்குழாய் மருத்துவரிடம் போனேன். அடைப்பை நீக்கிக் காலைக் காப்பாற்ற முடியலாம், முடியாமலும் போகலாம், படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் பார்க்காமல் எதுவும் சொல்வதற்கில்லை என்றார். நம்மிடம் ஒரு தாள்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் மாமா அப்பாவிடம், பேப்பரெல்லாம் உனக்கெதுக்குடா, நான் இருக்கேன்ல என்பார், வரிசையில் நிற்காமல் உள்ளே போய் வருகிற பெருமையில் நாமும் வெறுங்கையோடு வந்துவிடுவோம்.

நோயாளிகளின் கோப்புகள் இருக்கும் பதிவுப் பிரிவில் கேட்டேன். அங்கிருக்கும் பெண், நகல் கேக்கறது நோயாளியோட உரிமை மேடம், நாங்க குடுத்தே ஆகணும், ஆனா சார் நல்ல நினைவோட இருக்காரு, அவர் கையெழுத்து இல்லாம உங்ககிட்ட குடுக்க முடியாது என்றாள். நியாயம்தான். என் கோப்பை யாராவது கேட்டாலும் நான் அதையேதான் எதிர்பார்ப்பேன். விண்ணப்பத்தை வாங்கி வந்து அப்பாவிடம் நீட்டினேன். காலேஜ்ல ஒரே ரூம்ல கிடந்தவன்கிட்ட போய் ஆதாரம் கேக்கச் சொல்றியா, அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன் என்றார். முழிக்கிறது இருக்கட்டும், எப்படி நடப்பீங்க என்று கேட்டேன். கால்தானே போகுது, சிநேகிதம் போகலையே என்று சிரித்தார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. விண்ணப்பத்தைத் தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டார், எழுத்தெல்லாம் ஊறிப் போயிற்று. இன்று இன்னொன்று வாங்கி வந்திருக்கிறேன்.

நீ அப்பாவைப் போனில் கூப்பிட்டு, கையெழுத்துப் போடச் சொல். அழாதே, டாக்டர் மாமாவைக் குறை சொல்லாதே, சொன்னால் போனை வைத்துவிடுவார். அம்மா எழுதினாள் என்றே சொல், மறைக்க ஒன்றுமில்லை. கால் அவருடையது, கோப்பும் அவருடையது, முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும், இன்னொருவர் பார்த்த பிறகு அந்த முடிவை எடுக்கட்டும் என்பதுதான் நான் கேட்பது. உன்னிடமும் மாட்டேன் என்றுவிட்டால் அதையும் எனக்கு எழுது, அதற்குமேல் நான் கேட்க மாட்டேன், வியாழக்கிழமை ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரை அவரோடு போவேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, இதை நினைத்துத் தூங்காமல் இருக்காதே. உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும். புதன்கிழமை மாலை வரை பதிவுப் பிரிவு திறந்திருக்கும், அதற்குள் பேசிவிடு.

அன்புடன்,
அம்மா