சீட்டில் இல்லாத கருவாடு

அண்ணே,

இன்று காலையில் சீலாக் கருவாட்டை வெயிலில் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை தானாக நடுத்துண்டு ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிட்டது. நடுத்துண்டு வீட்டு மூத்தவருக்கு என்பது நம் வழக்கம். அய்யா போன பிறகு அது உங்களுடையது. எடுத்து வைத்த பிறகுதான் நீங்கள் இல்லை என்பது உறைத்தது.

இருதயம் தளர்ந்துவிட்டது, எடை குறைந்தால்தான் தாங்கும் என்று சொல்லி மதுரையில் உங்கள் வயிற்றைச் சுருக்கி ஆபரேஷன் செய்தார்கள். விசைப்படகு ஓட்டிய காலத்தில் குண்டான் சோற்றை ஒரே மூச்சில் முடிக்கிற ஆள், ஒரு சின்னக் கிண்ணத்தோடு நம் ஊர் தங்கச்சிமடத்துக்கு வந்து இறங்கினீர்கள். ஒரு வேளைக்கு அந்தக் கிண்ணம்தான் அளவு. நன்றாக மென்று மெதுவாக விழுங்க வேண்டும், எண்ணெய் கொஞ்சம், உப்பு மிகவும் கொஞ்சம், அவித்த மீன் நல்லது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த சீட்டை மதினி மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள். நீங்களும் அதை ஜெபம் மாதிரி கடைப்பிடித்தீர்கள். ஆளும் பாதியாக இளைத்து, கோயில் படியை மூச்சு வாங்காமல் ஏறினீர்கள்.

அந்தச் சின்னக் கிண்ணத்தைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. மீன்பிடித் தடைக்காலம் வந்து படகுகள் கரையில் கிடந்தன, பச்சை மீன் கிடைப்பது அருமையாகிவிட்டது. மீன் நல்லது என்றால் கருவாடும் மீன்தானே என்று நானே நியாயம் சொல்லிக்கொண்டு நடுத்துண்டைச் சுட்டு எடுத்து வந்தேன். அதில் எவ்வளவு உப்பு என்று தெரியாதவளா நான்? கை நிறைய அள்ளித் தேய்த்தவளே நான்தான். நீங்கள் தட்டை மெல்லத் தள்ளி வைத்தீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"எங் கையால உப்புப் போட்டது ஒங்களுக்கு வெசமாப் போச்சா அண்ணே?"

நீங்கள் தட்டை இழுத்து, துளித்துளியாகப் பிய்த்து, வெகு நேரம் மென்று, நல்லாத்தான் இருக்கு என்றீர்கள். அதற்குப் பிறகு மதினி இல்லாத நேரம் பார்த்துத் தினமும் கொண்டுவந்தேன். உங்களுக்கும் ஆசை இருந்திருக்கும் என்று சில நாள் என்னைத் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் தின்றது என் கோபத்துக்குப் பயந்துதான்.

கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, மறுபடியும் மதுரைக்குப் போனோம். உப்பு அயிட்டம் ஏதாவது சாப்பிடுகிறீர்களா, ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் உங்கள் தலைமாட்டில் நின்றேன். நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சீட்டுல உள்ளபடிதான் சார் சாப்புடுறேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினீர்கள். உங்களைக் காப்பாற்ற எனக்கு ஒரு வார்த்தை போதும், அது வாயிலிருந்து வரவில்லை. அந்த மழைக்காலத்தை நீங்கள் தாண்டவில்லை. ஏற்கனவே தளர்ந்த இருதயம், யார் மேலும் தப்பில்லை என்றார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியாதே. மதினிக்கும் இன்று வரை தெரியாது.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்பு வாங்கினேன். அது மனசில் ஒட்டவில்லை. கேள்வி கேட்டவர் அந்த மதுரை டாக்டர், சாமியார் இல்லையே.

போன வாரம் எனக்குத் தலைசுற்றல் என்று இராமநாதபுரத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். சின்ன வயசுப் பெண். பிரஷர் பார்த்துவிட்டு, கருவாடு சாப்பிடுவீங்களாம்மா என்று சாதாரணமாகக் கேட்டாள். எனக்கு அந்த மதுரை டாக்டரே மறுபடியும் கேட்ட மாதிரி இருந்தது.

"எங்க அண்ணனுக்கு நாந்தேன் குடுத்தேன். தெனமும் குடுத்தேன். அன்னைக்கிக் கேட்டப்ப நாஞ் சொல்லல."

அவள் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாள். பிறகு, உப்பைக் குறைக்கவும் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். அதை, மாதா படத்தருகே இன்னும் இருக்கிற உங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மூன்று வருஷம் கழித்துப் பதில் சொல்லிவிட்டேன் அண்ணே. கேட்டவர்தான் வேறு ஆள்.