அப்பாவின் கள்ளாட்டம்

என் தங்கத்துக்கு,

"என்னைத் தூக்கி உன் இடுப்பு ஒடியணுமா? நான் இங்கேயே இருந்துக்கறேம்மா" என்று நீ சொன்ன மறுநாளே காலை நடையும் உடற்பயிற்சியும் தொடங்கிவிட்டேன். சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு ஓர் ஆளை நான் தனியாகத் தூக்கி மாற்றிக் காட்டினால் சித்திரையில் உன்னை வீட்டுக்கு அனுப்புவதாகச் சிகிச்சை மையத்தில் சொல்லியிருந்தார்கள்.

வீட்டில் உன் அப்பாவைத் தூக்கிப் பழகினேன். பஞ்சு மாதிரி வந்தார். மையத்தில் பயிற்சியாளர், "சார், கால்களத் தளர விடுங்க" என்றதும் மனிதர் பாறையாய்க் கனத்துவிட்டார். என்னால் அசைக்கவே முடியவில்லை. அத்தனை நாளும் காலை ஊன்றி அவரே எழுந்திருக்கிறார்!

"என்னங்க இது கள்ளாட்டம்?"

"நீ மூச்சு வாங்கறதப் பாக்க முடியலடி."

அன்றிலிருந்து அவர் கால்களைத் துண்டால் கட்டிவிட்டுத்தான் தூக்கினேன். இரண்டு முறை இருவருமே விழுந்தோம். சிரி, பரவாயில்லை.

இன்று மையத்தில் அப்பாவைத் தூக்கிக் காட்டித் தேறிவிட்டேன். கட்டிலில் உட்கார வைத்த பிறகும் அப்பா என் தோளை விடவில்லை. "அவளுக்கும் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார். நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை உன்னை அழைத்துப்போக வருகிறோம். தூக்கும்போது கழுத்தைக் கட்டிக்கொள்ள விடக்கூடாது என்கிறார் பயிற்சியாளர். நீ கட்டிக்கொள்.

அம்மா