பேற்றறைக்கு எட்டாத படம்

குடை தாழாதிருக்க. கோல் வளையாதிருக்க. நீலவரை நாட்டின் ஒன்பது குன்றுகளையும் அவற்றினின்று இறங்கும் இரண்டு ஆறுகளையும் காத்து, இப்போது கிழக்கெல்லைப் பாசறையில் எழுந்தருளியிருக்கும் மன்னர் பெருமான் அரிமேகவரையர் திருமுன்பு, அரண்மனைக் காரியம் பார்க்கும் அமைச்சன் நம்பிகூத்தன் வணங்கி எழுதுவது. பாசறையில் படைவீரர் நலம் பெறுக. குதிரைகளுக்குப் புல் குறையாதிருக்க. தங்கள் தோள் புண் ஆறுக. இங்கே மழை பெய்கிறது. அதற்கு மேல் நலம் என்று எழுதத்தக்கது ஒன்றும் இல்லை.

தங்கள் தங்கையார், இளவரசி குவளைச்செல்வியார், எட்டாம் மாதத்தில் பேற்றறையில் படுத்திருக்கிறார். உதிரப்போக்கு கண்டதால் கட்டிலைக்கூட நகர்த்தலாகாது என்பது மருத்துவச்சி கட்டளை. அவர் கணவர் தளபதி மருதவாணர் ஆற்றுக்கரைப் போரில் காணாமற்போனது தாங்கள் அறிந்ததே. பகைநாட்டார் தம்மிடம் சிறைப்பட்டோரின் முகங்களைத் தம் மலைக்கோபுரத்திலிருந்து மாலைதோறும் ஒரு நாழிகை தொலைக்காட்சியில் காட்டுவதாக அறிவித்தனர். நாளொன்றுக்கு முப்பது முகம், ஒரு முகம் ஒரே முறை, பன்னிரண்டு நாள் மட்டும். பெயர் சொல்லமாட்டார்களாம்.

முதல் மாலை அரசவை மண்டபத்துப் பெட்டியில் படம் தெளிவாக இருந்தது. பேற்றறைப் பெட்டியிலோ எள்ளைக் கொட்டியது போல் புள்ளிகள். அவற்றின் பின்னே, முகம் என்று ஊகிக்கத்தக்க ஒரு நிழல்.

மண்டபத்தில் பார்த்தோர் வந்து சொன்னால் போதாதா எனத் தாங்கள் வினவலாம். சொன்னார்கள். இரண்டாம் நாள் மடைப்பள்ளித் தலைவி, தளபதியைத் தாடியோடு கண்டதாகச் சொன்னாள். மூன்றாம் நாள் செவிலி, மழித்த முகத்தோடு கண்டதாகச் சொன்னாள். நான்காம் நாள் வாயிற்காவலன், தலையில் கட்டோடு கண்டதாகச் சொன்னான். மூவரும் அன்பினால் சொன்னவர்கள். ஒரு முகம் ஒரு முறைதான் காட்டப்படும் என்பதை அவர்கள் மறந்தார்கள், இளவரசியார் மறக்கவில்லை. செவிலியைப் பார்த்து, "நாளைக்கு மீசை முளைச்சிருமா, அக்கா?" என்று கேட்டாராம். அதன்பின் தம் கண்ணையன்றி எவர் கண்ணையும் நம்பவில்லை. மூவரில் ஒருவர் உண்மை சொல்லியிருக்கலாம். எவர் என்பது இப்போது அவர்களுக்கே தெரியவில்லை.

அடியேன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் கோபுரம் அலை விடும் அந்த ஒரு நாழிகையில்தான் பழுது தேட இயலும் ஆதலால், அந்த மாலைகளிலெல்லாம் அடியேன் கம்பியர் தலைவர் பூவனூராரோடு மேல்மாடத்தில் ஆன்டெனாக் கம்பத்தடியில் நின்றேன்.

ஐந்தாம் நாள் ஆன்டெனாவைச் சிறிது சிறிதாகத் திருப்பினோம். மண்டபத்தில் படம் கெட்டது, பேற்றறையில் தேறவில்லை. மறுநாள் இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றினோம். மண்டபத்துப் பெட்டி பேற்றறைக்கு வந்ததும் எள் கொட்டியது. பேற்றறைப் பெட்டி மண்டபத்தில் பளிச்சிட்டது. ஆகவே பழுது பெட்டியில் இல்லை. ஏழாம் நாள், துருவேறிய இணைப்புகளைச் சுரண்டி, மழைநீர் புகுந்த இடங்களை உலர்த்திச் சுற்றினோம். எட்டாம் நாள் பேற்றறை வாயிலில் அலைபெருக்கி ஒன்றை மாட்டினோம். அது முகங்களைப் பெருக்கிய அதே உண்மையோடு புள்ளிகளையும் பெருக்கியது. கம்பத்திலிருந்து தனிக்கம்பி இழுக்கலாம் என்றால் அரண்மனையில் செம்பு இல்லை. அனைத்தும் தங்கள் பாசறைக்கு வந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் பூவனூரார் சிறு தொலைக்காட்சிக் கைப்பெட்டி ஒன்றை ஏந்திக்கொண்டு, கம்பி போகும் வழியே அறை அறையாக நடந்தார். மண்டபத்தை அடுத்த அறையில் படம் சற்று மங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் மங்கியது. ஏழு அறைகளையும் கடந்து வந்து, கதவுகளைத் திரும்பிப் பார்த்து, அடியேனிடம் சொன்னார்:

"ஐயா, இல்லாதவங்க ஏழு பேரு உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்காங்க. இருக்கிறவங்களுக்கு எங்கேர்ந்து வரும்?"

மறைந்த அரசர், அரசியர் எழுவரின் பள்ளியறைகள் அவை. அரண்மனைக்குள் வரும் எதிலும் முதற்பங்கு அவர்களுக்கு என்பது நம் குல வழக்கு: சந்தனம், வெற்றிலை, முதல் மாங்கனி. ஆன்டெனா நாட்டிய ஆண்டில், அலையும் அரண்மனைக்குள் வரும் பொருளே என்று தீர்ப்பெழுதி, ஒவ்வொரு பள்ளியறையிலும் ஒரு கிளை பிரித்து, அதன்பின்னரே கம்பியை அப்பால் கொண்டுசெல்லுமாறு கட்டளையிட்டவன் அடியேன். ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் முதல் விளக்கு குறைவதில்லை என்பதே அன்று அடியேன் கொண்ட எண்ணம். அலை அவ்வாறன்று; அது வாய்க்கால் நீர். ஒவ்வொரு மடையிலும் திறந்துவிட்டால் கடைமடை காயும். பேற்றறை கடைமடை. இதைப் பூவனூராரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கைப்பெட்டியை அணைத்தார்.

கிளைகளை நீக்கப் பள்ளியறைக் காப்பாளர் இசையவில்லை. மறைந்தோர் பங்கை மன்னர் வாய்மொழியன்றி எவரும் எடுக்கலாகாது என்றனர்; அடியேன் எழுதிய தீர்ப்பையே எடுத்து அடியேனிடம் படித்தும் காட்டினர். பாசறைக்கு ஓலை போய்த் திரும்ப நான்கு நாள் ஆகும். பத்தாம் நாளும் பதினோராம் நாளும் வழக்குப் பேசுவதில் கழிந்தன. அறுபது முகங்கள் அவ்வாறு போயின.

பன்னிரண்டாம் நாளாகிய நேற்று, தங்கள் அனுமதியின்றிக் கதவுகளைத் திறக்கச் செய்தேன். பூவனூரார் ஆறு கிளைகளை அகற்றிக் கம்பியை நேரே இணைத்தார். தங்கள் தந்தையார் அறை வாயிலில் மட்டும் அவர் நின்றுவிட்டார். அங்கிருந்த கிளையை அடியேனே வெட்டினேன்.

பேற்றறையில் படம் தெளிந்தது. நெற்றித் தழும்பும், அழுக்கேறிய கழுத்துப்பட்டியும், கண் கூசி இமைப்பதும் தெரியும் அளவுக்குத் தெளிந்தது. இளவரசியார் ஒருக்களித்துப் படுத்து, முப்பது முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தளபதி அவர்களில் இல்லை. பகைநாட்டு அறிவிப்பாளர், முகங்கள் முடிந்தன, இனி மீண்டும் காட்டப்படா என்று வணங்கி விடைபெற்றார். அதன்பின் அவர்கள் நாட்டு மழைச்செய்தி ஓடியது.

இளவரசியார் அழவில்லை. மழைச்செய்தி முடிந்ததும் அடியேனைக் கேட்டார்:

"ஐயா, இத்தனை நாளும் அவர் இந்தப் பெட்டிக்குள்ளதான் இருந்தாரா?"

இருந்தார் எனில், இந்நாட்டில் அவரை எவரினும் நன்கு அடையாளம் காணத்தக்க கண் முன்னே அவரை எள்ளால் மூடியவன் அடியேன். இல்லை எனில் சொல்லவேண்டியது வேறு. அதைச் சொல்லவும் அடியேனிடம் சான்று இல்லை. இன்று காலை முதல் அவர் கஞ்சி கொள்ளவில்லை. இரண்டு உயிருக்கும் பொறுப்பேற்க இயலாது என மருத்துவச்சி கூறிவிட்டாள்.

வழக்கை மீறியதற்குத் தாங்கள் விதிக்கும் தண்டனை எதுவாயினும் ஏற்பேன். பூவனூரார்மேல் குற்றம் இல்லை. பகைவரிடம் எதையும் கேட்பதில்லை எனத் தாங்கள் சூளுரைத்ததையும் அறிவேன். அறிந்தே வேண்டுகிறேன். வெண்கொடியோடு ஒரு தூதனை அவர்கள் பாசறைக்கு விடுக்க. அவன் நிலம் கேட்கவேண்டாம், சமாதானம் கேட்கவேண்டாம். மருதவாணர் முகம் பன்னிரண்டு நாளில் எந்த நாளில் காட்டப்பட்டது என்று மட்டும் கேட்கட்டும். காட்டப்படவே இல்லை எனில் அதையும் கேட்டுவரட்டும். கிடைத்த சொல்லை எவரும் திருத்தாமல், இனிப்பாக்காமல், இளவரசியார் பெயருக்கே எழுதி அனுப்புக.

கார்த்திகைத் திங்கள் பதினெட்டாம் நாள், நீலவரைக் கோட்டையினின்று, தாங்கள் ஒப்படைத்துச் சென்ற மோதிரத்தால் முத்திரையிட்டது. இவ்வோலை கொண்டு வருவோனைத் துறைக்காவலரும் கணவாய்க்காவலரும் நிறுத்தலாகாது. மழை காரணம் சொல்லலாகாது. அவன் விடையின்றித் திரும்பலாகாது. இது ஆணை.