பல் டாக்டரின் பஞ்சர்

ஏப்ரல் 6, ஞாயிறு

புது சைக்கிள் வந்துவிட்டது. ஏழு கிலோவுக்கும் குறைவு. ஒரே கையால் தூக்கி மாக்தெல்துக்குக் காட்டினேன். அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே, "தூக்கிட்டேதான் போகப் போறியா?" என்றாள். மனைவிகள் இப்படித்தான்.

கடைக்காரர் ரோம்பாட் ஒரு டியூபையும், டயரை நெம்புவதற்கு இரண்டு பிளாஸ்டிக் லீவர்களையும் என் கையில் திணித்தார். "பஞ்சர் ஆனா மாத்தத் தெரியுமா டாக்டர்?" இருபத்தாறு வருடமாகப் பல் பிடுங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது?

ஜூன் மாதத் திருவிழாப் பந்தயத்துக்கு மாக்தெல்தும் பெயர் கொடுத்திருக்கிறாள், தன் பழைய இரும்பு சைக்கிளில். நான் தடுக்கவில்லை. அவளுக்கும் உடற்பயிற்சி வேண்டும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ரோம்பாட் கடையில் பஞ்சர் வகுப்பு. நான் போகவில்லை. மாக்தெல்த் போனாள், நகமெல்லாம் கருப்பாகத் திரும்பி வந்தாள். "லீவன், மூணு தடவ டயரக் கழட்டி மாட்டினேன்." பாராட்டினேன். பொழுதுபோக்கு நல்லதுதான்.

மே 18, ஞாயிறு

பயிற்சி. மணிக்கு முப்பத்தெட்டு கிலோமீட்டர். திரும்பும்போது எதிர்க்காற்று, அந்த வேகத்தை எழுதி என்ன பயன்.

ஜூன் 8, ஞாயிறு

பந்தயம். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஐந்து கிலோமீட்டர் சுற்று, எட்டு முறை. ஆண் பெண் எல்லோரும் ஒன்றாக. முதல் இரண்டு சுற்று கூட்டத்தின் கடைசியில் வந்தேன் — அது என் உத்தி. மூன்றாவது சுற்றில், கல் பாவிய தெருவில், பின் சக்கரம் புஸ்ஸென்று போனது. அதுவும் கோதலீவ் அம்மாள் வீட்டு வாசலில். போன குளிர்காலத்தில்தான் அவருடைய கடைவாய்ப் பல்லை எடுத்தேன். அவரும் அவர் தங்கையும் நாற்காலி போட்டு, பியரும் வறுவலுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

டயர் வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன்.

"பாருடி, மயக்க ஊசி போடாமலே இழுக்குறாரு," என்றார் கோதலீவ் அம்மாள்.

ஒரு லீவர் உடைந்தது. அடுத்த சுற்றில் மாக்தெல்த் என்னைக் கடந்தாள். பெண்களில் முதலாவதாக! போகிற போக்கில், "உள்ள இருக்குற காத்த முழுசா எறக்கு" என்று கத்தினாள். இறக்கினேன். டயர் வந்தது. புது டியூபைப் போட்டு, முக்கால் மணி நேரம் போலத் தோன்றிய ஒரு பொழுது பம்ப் அடித்தேன். டியூப் டயரின் ஓரத்தில் சிக்கியிருந்திருக்கிறது. வெடித்தது.

"கொப்பளிச்சுத் துப்புங்க டாக்டர்," என்றார் தங்கை.

கடைசிச் சுற்று. மாக்தெல்த் தனியாக வந்தாள். அடுத்த பெண் நூறு மீட்டர் பின்னால். நான் நடுத்தெருவுக்குப் போய்க் கை காட்டினேன்.

"நில்லு. உன் பின் சக்கரத்தக் கழட்டிக் குடு."

நின்றாள். "எதுக்கு?"

"நான் பந்தயத்துல இருக்கேன்."

என்னையே பார்த்தாள். அதற்குள் மற்றவள் கடந்து போய்விட்டாள். மாக்தெல்த் துரத்திப் போனாள். அரைச் சக்கர தூரத்தில் இரண்டாம் இடம்.

காரணம், அனுபவக் குறைவு. பந்தயத்தில் யார் கூப்பிட்டாலும் நிற்கக் கூடாது.

ஜூன் 9, திங்கள்

பேசவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் பேசவில்லை. காபி ஒரு கோப்பைதான் போட்டாள்.

ஜூன் 12, வியாழன்

சைக்கிளை ரோம்பாட்டிடம் கொண்டுபோனேன். ஊருக்கே கதை தெரிந்திருக்கிறது. "அவங்க குடுத்திருந்தாலும் உங்க வண்டிக்குச் சேராது டாக்டர். ரெண்டுக்கும் பிரேக்கே வேற."

சேராத சக்கரத்துக்காகவா? — சரி, சேர்ந்திருந்தா மட்டும்? அஞ்சு சுத்து பின்னால நின்னவன் எங்க போயிருப்பேன்? அவ நாப்பத்தேழு வயசுல மொத தடவையா ஒண்ண ஜெயிக்கப் போனா. என்னால பொறுக்க முடியலையா? அதுவா? அதுதான் போல.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நான்தான் உன்னத் தோக்கடிச்சேன்."

"தெரியும்," என்றாள். "நீ கூப்பிட்டது கூடப் பரவால்ல லீவன். கூப்பிட்டதும் நான் நின்னேன் பாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

ஜூலை 1, செவ்வாய்

பஞ்சர் வகுப்பு. நான்கு பெண்களும் நானும். எல்லோருக்கும் பிறகு முடித்தேன். ஒருத்தி கைதட்டினாள்; கிண்டலா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

பக்கத்து ஊர்ப் பந்தயம். மழை. மாற்றுச் சக்கரத்தோடு மேட்டின் அடியில் மூன்று மணி நேரம் நின்றேன். பக்கத்தில் அதேபோலச் சக்கரத்தோடு நின்ற ஒருவர், "நீங்க யாரோட ஆளு?" என்றார்.

"மாக்தெல்தோட ஆளு."

ஆறாவது சுற்றில் அவள் கையைத் தூக்கிக்கொண்டே வந்தாள். பின் சக்கரம். கழற்றி மாட்டினேன். இருபத்திரண்டு வினாடி.

"தள்ளு."

தள்ளினேன். சேற்றில் விழுந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பெண்களில் அவளுக்கு ஒன்பதாம் இடம். முதல் பெண்ணுக்கும் அவளுக்கும் ஒரு நிமிட இடைவெளி. காரில் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சக்கரம் மாற்றியதில் போனது இருபத்திரண்டு வினாடிதான், மீதி அவளுடையது என்று சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை.