ஒரு வரி சிவப்பு

டிசம்பர் 10, புதன்

குழாயில் தண்ணீர் வரவில்லை. லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து பின்னினேன். விக்ரம் ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம் அக்குள் வரை வந்துவிட்டது. லாரி இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தோளையும் தொட்டிருப்பேன்.

கை கொள்ளாத வேலை. டில்லியில் இருக்கிற பேரன் விக்ரம் பொங்கலுக்கு வருவதற்குள் ஸ்வெட்டர் முடிய வேண்டும். பக்கத்து வீட்டு ஒச்சம்மாளின் பேரப்பிள்ளைகள் அரையாண்டு லீவில் கொடைக்கானல் போகிறார்களாம், அதுகளுக்குக் குல்லா. மார்கழி பிறந்துவிட்டால் தெருப் பிள்ளையாருக்கு விடியற்காலை விளக்கு. அதற்குத் திரி நூலை நான்தான் நூற்றுக் கொடுப்பது. நடுவில் உலை, துணி, ரேஷன், கேஸ்காரன். மருமகள் முத்துமீனா ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விடுவாள். மகன் ஜெயபாண்டிக்குக் கப்பலூர் கம்பெனியில் ஷிப்டு. வீட்டுக்கு நான்தான் ஆள்.

ஐந்தாவதோடு நின்றவள் நான். அந்தப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது எழுத்தும் நூல் நூற்கிற தக்ளியும். பின்னல் ஊசி பிறகு வந்தது, கான்வென்டில் ஆயா வேலை பார்த்தபோது சிஸ்டரம்மா சொல்லிக் கொடுத்தது. இந்த டைரி விக்ரம் கம்பெனியில் கொடுத்தது. போன பொங்கலுக்கு ஏரோப்ளேனில் கொண்டுவந்து என் கையில் வைத்தான். வில்லாபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து ஏரோப்ளேனில் ஏறியவன் அவன் ஒருவன்தான். அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

டிசம்பர் 13, சனி

ஒச்சம்மாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தலை அளவு எடுத்தேன். சின்னது ஒரு இடத்தில் நிற்கவில்லை.

பின்னத் தொடங்கி வைத்திருந்த குல்லாவின் விளிம்பில் சிவப்பு எதற்கு என்று கேட்டாள். நான் எது பின்னினாலும் ஓரத்தில் ஒரே ஒரு வரி சிவப்பு வைப்பேன், கண் படாமல் இருக்க. ஒரு பக்கம் மட்டும்தான். அது தப்பு, இரண்டு பக்கமும் வை என்று சிஸ்டரம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். கேட்டதில்லை.

டில்லியில் இப்போது வாயைத் திறந்தால் புகை வருமாம், விக்ரம் சொன்னான் என்றேன். ஒச்சம்மாள் “ம்” என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். அவள் மகன் விருமாண்டியும் டிகிரிதான், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவன் ஆட்டோ எடுத்து மாலை போட்டு வாசலில் நிறுத்திய அன்றைக்கே கேட்டுவிட்டேன், “படிக்க வச்சு கடைசியில ஆட்டோவா?” என்று. லீவுக்கு வந்திருந்த விக்ரம்கூட “விடு அப்பத்தா” என்று கையைப் பிடித்து இழுத்தான். நான் எதையும் மனசில் வைத்துக்கொண்டு பேசுகிறவள் இல்லை.

டிசம்பர் 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. கோலம், விளக்கு, திரி. விரல் விறைத்துக் கோலமாவு சரியாக விழவில்லை. டில்லியில் என் பிள்ளை என்ன பாடுபடுகிறானோ.

டிசம்பர் 19, வெள்ளி

இதை எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் நான் பார்த்தது நிஜம் என்று எனக்கே நம்பிக்கை வரும்.

மார்கழி வெள்ளி என்று மீனாட்சியம்மனைப் பார்க்கக் கிளம்பினேன். இன்னும் விடியவில்லை. ஜங்ஷனில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பின்னால் ஏறி ஒரு பூக்காரம்மா கூடைக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். டிரைவர் தலையோடு காதைச் சேர்த்து ஒரு மப்ளர் சுற்றியிருந்தான். நீலம். குளிருக்குச் சுற்றியிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். சிந்தாமணி ரோட்டு விளக்கு வெளிச்சம் அதன் ஓரத்தில் விழுந்தது.

ஒரு வரி சிவப்பு. ஒரு பக்கம் மட்டும்.

என் மப்ளர். போன வருசம் டில்லிக்கு என்று நான் பின்னியது. எவனோ திருடிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். டில்லியில் திருடுபோனது மதுரைக்கு எப்படி வரும்? பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். டிரைவர் முகத்துக்கு நேராக இருக்கிற அந்தக் கண்ணாடியில் இரண்டு கண், மேலே புருவம். சின்ன வயதில் அம்மிக்கல்லில் விழுந்து பிளந்த புருவம். மஞ்சளை வைத்து அழுத்தியது இந்தக் கைதான்.

விக்ரம்.

டில்லியில் இருக்கிற விக்ரம். “பெரியார், பெரியார்” என்று பஸ் ஸ்டாண்டு பேரைச் சொல்லி வெளியே தலையை நீட்டிக் கூவுகிறான். அந்தக் குரலை வேறு யாருடையது என்று நினைப்பது?

முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். நான் எதற்கு மூடினேன்? ஒளிய வேண்டியது அவனா, நானா? இறங்குகிற இடம் வந்ததும் பூக்காரம்மா கையில் சில்லறையைத் திணித்து, எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிடச் சொல்லி, அந்தப் பக்கமாக இறங்கி நடந்துவிட்டேன். கோயிலுக்குள் போனேனா, அம்மனைப் பார்த்தேனா, ஒன்றும் நினைவில்லை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

டிசம்பர் 20, சனி

இல்லை. அவனாக இருக்காது. மனுசரைப் போல மனுசர் இருக்கமாட்டார்களா?

மப்ளரைப் போல மப்ளர் இருக்குமா?

டிசம்பர் 21, ஞாயிறு

விக்ரமின் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. வழக்கம்போலச் சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று கேட்டான். பின்னால் ஹாரன் சத்தம். டில்லியில் டிராபிக் அதிகம் என்றான்.

குளிர் எப்படி என்று கேட்டேன். தாங்கவில்லை என்றான்.

“மப்ளரு போடுறியாய்யா?”

“கழுத்துலதான் கெடக்கு அப்பத்தா.”

அதில் பொய் இல்லை. எனக்குத்தான் தெரியுமே.

இந்தத் தடவை பொங்கலுக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது, ஸ்வெட்டருக்கு அவசரப்பட வேண்டாம் என்றான். முத்துமீனா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு கருகிப் புகைகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

டிசம்பர் 24, புதன்

குல்லாக்களைக் கொடுத்துவிட்டேன். சின்னதுக்குப் பின்னியது பெரியதுக்கும் பெரியதுக்குப் பின்னியது சின்னதுக்கும் சரியாக இருக்கிறதாம். எப்படிப் பின்னினேனோ. சிவப்பை மட்டும் மறக்கவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

டைரி முடிந்துவிட்டது. பின்னால் இருக்கிற வெள்ளைத் தாளில் எழுதுகிறேன்.

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தேன். அண்டாவுக்குப் பின்னால் ஒரு பொட்டலம். என் எழுத்து, விக்ரமின் டில்லி அட்ரஸ். தீபாவளிக்கு அனுப்பச் சொல்லி முத்துமீனாவிடம் கொடுத்த காலுறையும் குல்லாவும். பிரிக்கவே இல்லை.

அண்டாவை உருட்டிவிட்டிருக்கிறேன். சத்தம் கேட்டு ஓடிவந்தவள் என் மடியில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த டில்லிக் கம்பெனி புரட்டாசியிலேயே நிறையப் பேரை நிறுத்திவிட்டதாம். விக்ரம் ஊருக்கு வந்து அவனியாபுரத்தில் கூட்டாளிகளோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறானாம். ஓட்டுவது விருமாண்டி புதிதாக எடுத்த இரண்டாவது ஆட்டோவை. நடுவில் இன்டர்வியூவுக்கும் போகிறானாம். ஜெயபாண்டிக்குத் தெரியும். ஒச்சம்மாளுக்குத் தெரியும். வேறு வேலை கிடைத்ததும் அப்பத்தாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறானாம்.

அடியே, நான் என்ன வெளியாளா? ஒரே சோற்றைத் தின்றுகொண்டு எம்புட்டு நாளா என்னைய முட்டாளாக்கி வச்சிருக்கீக?

அவளும் விடவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“உங்ககிட்டச் சொல்ல யாருக்கு அத்தை தைரியம் இருக்கு? ஏர்போர்ட்டுக்கு ரெண்டு வேன்ல ஆள் கூட்டிட்டுப் போயி வழியனுப்புனீங்க. ஆட்டோ ஓட்டுறவன் எதிர்ல என்னா பேசுனீங்க. ரெண்டையும் அவன் பாத்துக்கிட்டுத்தான இருந்தான்?”

பிறகு குரல் இறங்கிவிட்டது.

“பெத்த பிள்ள கூப்பிடு தூரத்துல இருக்கான். பொங்கப்பானைக்கு முன்னால நிக்க முடியல. நான் யார்கிட்ட அழுக?”

மேலே எழுத முடியவில்லை.

ஜனவரி 5, திங்கள்

யாரோடும் பேசவில்லை. ஜெயபாண்டி ஷிப்டு முடிந்து வந்து “ஆத்தா” என்றான். திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. ஒச்சம்மாளை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. டில்லி டில்லி என்று நான் அளந்ததையெல்லாம் மூஞ்சிக்கு நேராகக் கேட்டுக்கொண்டு, குல்லாவுக்கு அளவு கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே. மனசுக்குள் சிரித்திருப்பாளோ?

ஜனவரி 6, செவ்வாய்

நானே போய்க் கேட்டுவிட்டேன். ஒச்சம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

“நீ ஏர்போர்ட்டு ஏர்போர்ட்டுன்னு பேசும்போதெல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வரும்க்கா. அந்தப் பய மொகத்துக்காக முழுங்கிட்டேன். உன் மொகத்துக்காக ஒண்ணுமில்ல.”

அடித்திருந்தால்கூட அம்புட்டு வலித்திருக்காது. அவளாகத்தான் மறுபடி பேசினாள். விக்ரம் மதியம் சில நாள் அவள் மகள் வீட்டில்தான் சாப்பிடுகிறானாம், ரசம் கேட்டு வாங்கிக் குடிக்கிறானாம். குல்லாவைக் கொடைக்கானலில் எல்லோரும் எங்கே வாங்கியது என்று விசாரித்தார்களாம்.

கிளம்பும்போது வாசலில் விருமாண்டியின் ஆட்டோ நின்றது. முதல் தடவையாகக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஹேண்டில்பாரில் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தான். எதற்கு என்றேன். கை வியர்த்து வழுக்குகிறது பெரியம்மா என்றான்.

ஜனவரி 7, புதன்

உல்லனை வைத்தால் மதுரை வெயிலுக்குக் கை வெந்துவிடும். பருத்திதான் சரி. பிள்ளையாருக்கு நூற்றது போக மிச்சம் இருக்கிறது. அது மெல்லிசு. நாலு இழை சேர்த்து முறுக்கினால் தாங்கும்.

பகல் முழுக்கத் தக்ளி சுற்றினேன். சோறு குழைந்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பேசாமல் இருப்பது அம்புட்டுப் பயமாக இருக்கிறதா இவர்களுக்கு?

ஜனவரி 9, வெள்ளி

ஹேண்டில்பாருக்கு இரண்டு உறை முடித்தேன். விருமாண்டி ஆட்டோவில் அளவு வைத்துத்தான் பின்னியது. ஓரத்துக்குச் சிவப்பு வேண்டுமே. ஸ்வெட்டருக்கு என்று வாங்கி வைத்திருந்ததில் நறுக்கிக்கொண்டேன்.

விருமாண்டியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

“எனக்கா பெரியம்மா?”

“நீ வாடகைக்கு விட்டிருக்கியே, அந்த ஆட்டோவுக்கு.”

தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“என்னா சொல்லிக் குடுக்க?”

“ஒண்ணும் சொல்லாத. மாட்டு.”

“அப்ப எனக்குப் பழைய துணிதானா?”

அடுத்தது அவனுக்குத்தான் என்றேன். இந்தப் பயல் வாசலில்தான் அன்றைக்கு அப்படிப் பேசினேன். அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். வரவில்லை. காபி குடிக்கிறாயா என்று கேட்டேன். குடித்துவிட்டுத்தான் போனான்.

ஜனவரி 10, சனி

ஒன்றும் இல்லை. மாட்டினானோ என்னவோ. போனை மடியிலேயே வைத்திருந்தேன். ரோட்டில் ஹாரன் கேட்டால் வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறேன். பார்த்ததும் விக்ரம் அந்த ஆட்டோவையும் விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டால்? நான் பாட்டுக்குத் தெரியாதவள் மாதிரியே இருந்திருக்க வேண்டுமோ?

ஜனவரி 11, ஞாயிறு

போன் வந்தது. எடுத்தேன். மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் யாரோ “அவனியாபுரம் போகுமாப்பா?” என்று கேட்பதும் கேட்டது.

“அப்பத்தா” என்றான்.

இத்தனை நாளாக என்னென்னவோ கேட்க வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

“பொங்கலுக்கு லீவு கெடச்சுருச்சாய்யா?”

மூக்கை உறிஞ்சினான்.

“கெடச்சுரும் அப்பத்தா.”

முத்துமீனா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் அழுகை வரவில்லை.

ஜனவரி 14, புதன், போகி

வந்துவிட்டான். கறுத்திருக்கிறான். காலில் விழுந்தவன் எழுப்பவே விடவில்லை, மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். ஜெயபாண்டி வெளியே போய்க் கரும்பை வெட்டுகிற சாக்கில் நின்றுகொண்டான்.

மத்தியானம் இரண்டு தடவை ரசம் ஊற்றிக்கொண்டான்.

ஜனவரி 17, சனி

எதிர்வீட்டுக்காரி விக்ரம் டில்லியிலிருந்து எப்போது வந்தான் என்று கேட்டாள். புரட்டாசியில் வந்தான், ஆட்டோ ஓட்டுகிறான் என்றேன். அவள் வாயை மூட மறந்துவிட்டாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

ஸ்வெட்டரை ஊசியோடு சுற்றி வைத்திருக்கிறேன். கை ஒன்று பாக்கி. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு இன்டர்வியூ இருக்கிறதாம். குளிர் எந்த ஊரில் எப்படியோ. இருக்கட்டும்.

ஜனவரி 21, புதன்

விருமாண்டி உறைக்கு நூல் வாங்க விளக்குத்தூண் பக்கம் போக வேண்டியிருந்தது. தக்ளியில் நூற்றால் எப்போது முடிவது? ஜங்ஷனில் நின்றேன். வந்து நின்றது அந்த ஆட்டோதான்.

டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். ஹேண்டில்பார் உறையில் வெள்ளை எல்லாம் அழுக்கு. சிவப்பு மட்டும் தெரிகிறது. துவைக்கக் கொடுக்கத் தெரியாதா இவனுக்கு?

பக்கத்தில் இருந்த அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைக்கு என்ன இம்புட்டு அவசரம், எங்கே கவிழ்க்கப் போகிறானோ என்று புலம்பிக்கொண்டே வந்தது. பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

“என் பேரன்தான். இன்ஜினியருக்குப் படிச்சவன். எந்த எடத்துல பிரேக் போடணும்னு அவனுக்குத் தெரியும்” என்றேன்.

ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடியில் அந்தப் பிளந்த புருவம் சுருங்கியது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். வெளியே ஒரு ஆள் காத்துக்கொண்டிருந்தார்.

“அப்பத்தா, பேச்சக் கொறச்சுட்டுத் தள்ளி உக்காரு. இன்னும் ஒரு ஆளு ஏறணும்.”

தள்ளி உட்கார்ந்தேன்.