இடது காதில் பஞ்சு

என் அன்பானவருக்கு,

நானும் நம் மகள் சின்னவளும் நலம். அவளுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் கதவைக் கழற்றிவைத்த வாசல் மாதிரி இருக்கிறாள். குழாய்க்காரர் வந்து சமையலறைக் குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் சொல்ல வருகிற விஷயத்தை எடுத்தாலே லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்து ரோபோவை நாங்கள் மாப்பிள்ளை என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும். விறைப்பாக நிற்கும், கூப்பிட்டால் மட்டும் தலையைத் திருப்பும். அதற்கு ரப்பரில் காது செய்து உள்ளே மைக் பொருத்துவதுதான் என் வேலை. வலப்பக்கம் கை தட்டினால் சத்தம் வலது காதுக்குத் துளி முந்திப் போய்ச் சேரும், கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. இடது காதில் கொஞ்சம் மெலிந்தும் விழும். இந்த இரண்டு வித்தியாசத்தையும் கணக்குப் போட்டு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கும். நேர் எதிரில் தட்டினாலும் நேர் பின்னால் தட்டினாலும் இரண்டு காதுக்கும் ஒன்றுபோலவே கேட்பதால் அப்போது மட்டும் முழிக்கும். தலையைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்துத் தெளிந்துகொள்ளும்.

போன வாரம் அதற்கு என்னவோ ஆகிவிட்டது. எந்தப் பக்கம் தட்டினாலும் வலப்பக்கமே திரும்பியது. புரோகிராம் எழுதும் பெண் தன் தவறுதான் என்று நினைத்து, சாப்பாட்டை மறந்து வரிவரியாகத் தேடினாள். டைரக்டர் கணக்கையே மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இடது காதைக் கழற்றினால் உள்ளே பஞ்சு! ரப்பரைச் செதுக்கும்போது தூள் மைக்கில் விழாமல் இருக்கப் பஞ்சை அடைத்து மேலே டேப் ஒட்டுவோம். வலது காதில் எடுத்துவிட்டு இடது காதில் எடுக்க மறந்துபோயிருக்கிறோம். கல்யாணம் ஆனால் எல்லா மாப்பிள்ளைக்கும் ஒரு காது அடைத்துக்கொள்ளும் என்றார் டைரக்டர். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் லீவில் வந்திருந்தபோது நீங்களும் அப்படித்தான் திரும்பினீர்கள். சின்னவள் இடப்பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டால் வலப்பக்கம் வாசலுக்குப் போய்த் தேடினீர்கள். அவளுக்கு அது விளையாட்டாகப் போயிற்று. வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கடைத்தெருவில் இடப்பக்கமிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வண்டி வந்தது. நீங்களோ வலப்பக்கம் பார்த்தபடி அதன் முன்னாலேயே போய் நின்றீர்கள். சட்டையைப் பிடித்து இழுத்தேன். சாப்பிட உட்கார்ந்தால் இடது தோள் சுவரில் ஒட்டுகிற நாற்காலிதான் வேண்டும் என்று மகளோடு சண்டை போட்டீர்கள். கேட்டதற்கு, குளிக்கும்போது காதில் தண்ணீர் போய்விட்டது, தானாகச் சரியாகிவிடும் என்றீர்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

நீங்கள் வேலை பார்க்கும் யார்டில் கன்டெய்னர் வண்டிகள் பின்னோக்கி வரும்போது அந்த பீப் சத்தம் ஒன்றுதான் ஆட்களுக்கு எச்சரிக்கை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அது இடப்பக்கமிருந்து வந்தால் நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்குவீர்கள்? இதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள், தெரியும். அனுப்பினால் அனுப்பட்டும். நாளைக்கே அவரிடம் சொல்லி, வண்டி வராத இடத்தில் வேலை கேளுங்கள். காது டாக்டரையும் பாருங்கள். சரியானால் நல்லது. ஆகாவிட்டாலும் போகட்டும், என் தொணதொணப்புக்கு ஒரு காது தாராளம். ஆள் எனக்கு முழுசாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம், வலது காதைத் தலையணையில் புதைத்து ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள். தூங்கவில்லை, கால் ஆடிக்கொண்டிருந்தது. உங்கள் முதுகுப் பக்கம் உட்கார்ந்து ஒன்று கேட்டேன். பதிலே இல்லை. விருப்பமில்லாமல்தான் வாயைத் திறக்காமல் கிடக்கிறீர்கள் என்று நினைத்து, மறுநாள் முகம் கொடுத்துப் பேசாமலே உங்களை அனுப்பிவைத்தேன். இத்தனை நாள் அந்தக் கோபத்திலேயே இருந்தேன். உங்களுக்கு அது கேட்கவே இல்லை என்று இப்போதுதான் புரிகிறது.

நான் கேட்டது இதுதான்: "போனது போதுங்க. இனிமே எங்களோடவே இருந்துடுங்களேன்."

பத்திரமாக இருங்கள். வண்டிச் சத்தம் கேட்டால் காதை நம்பாதீர்கள், நின்று இரண்டு பக்கமும் கண்ணால் பாருங்கள். எந்த ஆபத்தும் உங்களை அண்டாமல் இருக்கட்டும். நான் கேட்டதற்குப் பதில் எழுத வேண்டாம். நேரில் வந்து சொல்லுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
உங்கள் மனைவி