மாலைக்கு இரண்டு பக்கம்

கோக்-சாய்,
12 செப்டம்பர் 1966

என் தெமிர்குலுக்கு,

கல்மாத் எழுதுகிறேன். கல்மாத்தே எழுதுகிறேன், வாத்தியாரும் இல்லை, தபால்காரரும் இல்லை. போன குளிர்காலம் முழுக்க முதியோர் வகுப்பில் உட்கார்ந்து எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்தத் தாளை நேற்றுத் தொடங்கினேன், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரி புபுசாரா டீயை வைத்துவிட்டு, "ஆடு மேய்க்கப் போறியா, ஆபீசுக்குப் போறியா?" என்று கேட்கிறாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

உன் மகனும் மருமகளும் சுகமா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நம் பக்கத்தில் அக்ரூட் நன்றாகக் காய்த்திருக்கிறது. அடுத்த வாரம் எல்லோரும் அதைப் பொறுக்கக் கூடாரத்தோடு காட்டுக்குப் போகிறோம்.

நீ மகனோடு இருக்க ஓஷ் நகரத்துக்குப் போனபின் மாலையில் நெருப்பருகே கதை வாசிக்க ஆள் இல்லை. போன வருஷம் பேசாமல் காய்களின் பச்சைத் தோலை உரித்தோம், பேசாமல் படுத்தோம். இந்த வருஷம் என் தங்கை மகன் ஸாரிபெக் ஒரு டிரான்சிஸ்டர் வாங்கியிருக்கிறான். அதை உன் இடத்தில் வைக்கப்போகிறானாம். "வைக்காதே, நான் வாசிக்கிறேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். சொன்னது சொன்னதுதான்.

நீ வாசிப்பாயே, அந்த அண்ணன் தம்பி கதைப் புத்தகம், அதை அனுப்பி வை.

உன்,
கல்மாத்


ஓஷ்,
20 செப்டம்பர்

அன்புள்ள கல்மாத்,

உன் கடிதம் கிடைத்தது. உன் எழுத்துகள் பாறையில் ஏறும் ஆடுகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று நிற்கின்றன. ஆனாலும் படிக்க முடிந்தது. சந்தோஷம், நிஜமாகவே.

புத்தகம் மட்டும் அனுப்ப மாட்டேன். எழுத்துக் கூட்டுவது வேறு, கதை வாசிப்பது வேறு. ரேடியோ பாடிவிட்டுப் போகட்டும். அதை அந்த இடத்திலிருந்து எடுத்துவிடலாம். நீ உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியாதா? அது என் இடம். இந்த வருஷம் மகன் என்னை விடமாட்டான். முழங்கால் சரியானதும் அடுத்த இலையுதிர்காலத்தில் வருகிறேன். அதுவரை சும்மா இரு.

இங்கே பூங்காவில் கிழவர்கள் டோமினோ ஆடுகிறார்கள். ஒருநாள் புத்தகத்தை எடுத்துப் போய் அவர்களுக்கு வாசிக்க ஆரம்பித்தேன். "கொஞ்சம் தள்ளி நின்னு படிங்க, காய் தெரியல" என்றார் ஒருவர். திரும்பி வந்துவிட்டேன்.

புபுசாராவுக்கு என் வணக்கம்.

தெமிர்குல்


காட்டிலிருந்து,
3 அக்டோபர்

என் தெமிர்குலுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. பள்ளிக்கூட அலமாரியில் அதே கதை வேறு அட்டையோடு இருந்தது. வாங்கி வந்துவிட்டேன்.

முதல் மாலை மானம் போயிற்று. முதல் வாக்கியம் முடிவதற்குள் குழந்தைகள் தூங்கிவிட்டன. ஸாரிபெக், "மாமா, அண்ணன்காரன் ஏறி உக்கார்றதுக்குள்ள குதிரைக்கு வயசாயிரும் போலிருக்கே" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் ரேடியோவைத் திருகினான். நான் புத்தகத்தை மூடவில்லை. பாட்டுச் சத்தத்திலேயே அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மறுநாளும் உட்கார்ந்தேன். மழையில் தம்பி கதவைத் திறக்கிற இடம் வந்தது. "வாசலில் நின்றது" என்று வாசித்தேன். அடுத்த சொல் நீளம். நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒருவர், "எதிரிதான்" என்றார். "இல்ல, குதிரை திரும்பி வந்திருக்கு" என்றார் இன்னொருவர். புபுசாரா, "அவங்கம்மாவா இருக்கும்" என்றாள். "செத்துப்போனவ எப்படி வருவா?" என்று ஒரு சண்டை. ஸாரிபெக் ரேடியோவை அணைத்துவிட்டு, "கொஞ்சம் சும்மா இருங்க, அவரு படிக்கட்டும்" என்றான். "அண்ணன் மனைவி" என்று நான் ஒருவழியாக வாசித்து முடித்தபோது எல்லோரும் நெருப்பருகே இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

அன்றிலிருந்து மாலைக்கு இரண்டு பக்கம். வாசிப்பதைவிட அவர்கள் வாதாடுவதுதான் அதிகம். எனக்கும் மூச்சு வாங்கிக்கொள்ள வசதி. நான் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுத எனக்கு இன்னும் வேகம் போதவில்லை.

உன்,
கல்மாத்


ஓஷ்,
9 அக்டோபர்

அடேய் கல்மாத்,

இரண்டு பக்கமா? நான் அந்தக் கதவுக் கட்டத்தை ஒரே மூச்சில் வாசிப்பேன். அந்த இடத்தில் யாரும் வாய் திறந்ததே இல்லை. நீ கதையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறாய். அவர்களும் மென்றுகொண்டிருக்கிறார்கள்.

மகனோடு சண்டை போட்டுவிட்டேன். முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, அக்ரூட் இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியில் சனிக்கிழமை வருகிறேன். என் புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். எழுந்து இடம் கொடு.

தெமிர்குல்


காட்டிலிருந்து,
12 அக்டோபர்

என் தெமிர்குலுக்கு,

ஓஷுக்குப் போகிற லாரிக்காரர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். திரும்பும்போது உன்னை அவர் பக்கத்திலேயே உட்காரவைத்துக் கூட்டிவருவார். ஆடு அறுக்கிறோம். புபுசாரா உனக்காக வெண்ணெய் எடுத்து வைத்திருக்கிறாள்.

இடம் தர மாட்டேன்.

நீ நன்றாக வாசிப்பாய், எனக்குத் தெரியும். நான் மோசமாகத்தான் வாசிக்கிறேன். ஆனால் இவர்கள் நாள் முழுக்க மரத்தடியில் நின்று, மாலையில் என் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்காக இதுவரை யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை. என் இடதுபக்கம் உனக்குக் கம்பளி விரித்திருக்கிறேன். உரிக்க அக்ரூட் குவிந்து கிடக்கிறது. கேட்கிறவனாக வா. வராமல் போனால் எனக்கு மிகவும் வலிக்கும். அப்போதும் எழுந்திருக்க மாட்டேன்.

வா.

உன்,
கல்மாத்


ஓஷ்,
2 நவம்பர்

அன்புள்ள கல்மாத்,

சுகமாக வீடு வந்து சேர்ந்தேன். மகன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, மருமகள் பேசுகிறாள்.

காட்டுக்கு வந்த முதல் மாலை, சொல்லை உன் வாயிலிருந்து பிடுங்கி நானே வாசித்துவிடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தேன். ஆனால் கணவாயில் அண்ணன் திரும்பிப் பார்க்கிற இடத்தில் நீ திக்கி நின்றாய் அல்லவா? அத்தனை வருஷம் வாசித்த நான், அடுத்து என்ன என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் அப்போதே சொல்லவில்லை. சொன்னால் இன்னும் மெதுவாக வாசிப்பாய்.

பனி வந்து கதை பாதியில் நின்றுவிட்டதில் எல்லோருக்கும் வருத்தம். லாரி ஏறும்போது ஸாரிபெக், முடிவை எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்று நச்சரித்தான். நான் சொல்லவில்லை. அது நீ வாசிக்க வேண்டியது.

வாசிக்கிறவன் உரிக்க வேண்டியதில்லை என்பதால், காட்டிலிருந்து இத்தனை வருஷமும் வெளுத்த கையோடுதான் திரும்பியிருக்கிறேன். இப்போது பச்சைத் தோலின் சாறு ஏறி இரண்டு கையும் மணிக்கட்டுவரை கரிக் கறுப்பு. சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. நேற்று பூங்காவில் டோமினோக்காரர், "என்னய்யா, காட்டுக்கு வேலைக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல, கதை கேக்கப் போயிருந்தேன்" என்றேன்.

உன்,
தெமிர்குல்